ஆம்பூரில் காற்றாலை இல்லை, காற்று மின்சாரம் இருக்கிறது



வேலூரில் பஸ் ஏறி, பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர் வழியாக வாணியம்பாடி வரை ஒரு தடவை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். ஷூ கம்பெனிகள், டேனரிகள், பிரியாணிக் கடைகள், ஒரு பக்கம் பாலாற்று மணல், தூரத்தில் மலை. எல்லாம் இருக்கும். ஒன்று மட்டும் இருக்காது. காற்றாலை. ஒன்றுகூடக் கண்ணில் படாது.

ஆனால் ஒரு ஜூலை மாத சாயங்காலம் ஆம்பூரில் ஒரு டேனரியின் டிரம் சுற்றுகிறது என்றால், அந்த மின்சாரக் கணக்கில் ஒரு பங்கு ஐநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கிற காற்றுடையதாக இருக்கலாம். அது எப்படி இங்கே வருகிறது, எவ்வளவு வருகிறது, எப்போது வராமல் போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. பரீட்சைக்கும் உதவும், அதற்கு மேலும் உதவும்.

முதலில் ஒரு வீட்டுக் கதை

என் அப்பா ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிஃப்ட் பார்க்கிறவர். 2012-ல் நான் மூன்றாம் வகுப்பு. அந்த வருஷத்து மின்வெட்டு உங்களில் பலருக்கும் ஞாபகம் இருக்கும். சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. எங்களுக்கு அது மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஹோம்வொர்க். அப்பாவுக்கு அது வேறு கவலை. "கரண்ட் போனா ப்ளோயர் நிக்கும், ப்ளோயர் நின்னா பூச்சி செத்துடும்" என்பார். பூச்சி என்றால் என்ன பூச்சி என்று எனக்கு அப்போது புரியவில்லை.

இப்போது புரிகிறது. டேனரிக் கழிவுநீரில் இருக்கும் கரிமப் பொருளைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பது பாக்டீரியாக்கள். அவை உயிரோடு இருக்க ஆக்சிஜன் வேண்டும். அதற்காகத் தொட்டிக்குள் இரவு பகலாகக் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும் மெஷின்தான் ப்ளோயர். சில மணி நேரம் அது நின்றால் தொட்டி நாற ஆரம்பிக்கும். திரும்பப் பழைய நிலைக்கு வர நாட்கள் ஆகும். நிற்காமல் இருக்க டீசல் ஜெனரேட்டர் ஓட்ட வேண்டும், அதன் செலவு எகிறும்.

இந்த நிலையங்கள் சும்மா வந்தவை அல்ல. பாலாறும் சுற்றியிருக்கும் கிணறுகளும் தோல் கழிவால் கெட்டுப்போனதை எதிர்த்து, வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசு செய்தவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்புதான் அழுத்தமாகச் சொன்னது. பின்னாளில் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்கிற 'ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்' வந்தது. அதற்கு ஆர்.ஓ. வேண்டும், உப்பை வற்ற வைக்க எவாப்பரேட்டர் வேண்டும். பம்பு, ப்ளோயர், ஆர்.ஓ. மூன்றும் கரண்ட் குடிப்பவை. ஆக நம்ம ஊரில் சுத்தமான தண்ணீர் என்பது மின்சாரத்தால் செய்யப்படுகிற ஒரு பொருள். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால், தண்ணீரில் இருந்த அழுக்கைக் கொஞ்சம் வானத்துக்கு மாற்றி வைத்த மாதிரிதான். அதனால்தான் காற்று நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

பாடம் 1: காற்றில் எவ்வளவு சக்தி இருக்கிறது?

சூத்திரம் தெரிந்ததுதான். பாதி × காற்றின் அடர்த்தி × இறக்கை சுற்றும் வட்டத்தின் பரப்பு × வேகத்தின் கனம். கவனியுங்கள், வேகம் இல்லை, வேகத்தின் கனம்.

ஒரு கணக்கு போடுவோமா? இறக்கையின் நீளம் 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வட்டத்தின் பரப்பு சுமார் 11,310 சதுர மீட்டர். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோ. காற்று நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் அடித்தால், அந்த வட்டத்தின் வழியாகப் போகும் சக்தி சுமார் 3.5 மெகாவாட். இதை முழுதாகப் பிடிக்க முடியாது. முழுதும் பிடித்தால் இறக்கைக்குப் பின்னால் காற்று அப்படியே நின்றுவிடும், புதுக் காற்று உள்ளே வர வழியிருக்காது. அதிகபட்சம 59.3 சதவீதம்தான் எடுக்க முடியும் என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919-லேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார். நடைமுறையில் 40 சதவீதம் என்று வைத்தால் நமக்குக் கிடைப்பது சுமார் 1.4 மெகாவாட்.

இப்போது வேகத்தைப் பாதியாக்குங்கள். நொடிக்கு 4 மீட்டர். மின்சாரம் பாதியாகும் என்று நினைத்தால் தப்பு. எட்டில் ஒன்றாகும். வெறும் 180 கிலோவாட்.

ஆம்பூரில் ஏன் காற்றாலை இல்லை என்பதற்கு இதுதான் பதில். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுக்கிறது. மலையில் இடைவெளி இருக்கும் இடத்தில் மட்டும் காற்று நெருக்கியடித்து வேகமாகப் பாய்கிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு என்று கணவாய்கள், அப்புறம் கம்பம் பள்ளத்தாக்கு. முப்பந்தல், கயத்தாறு, உடுமலைப்பேட்டை என்று காற்றாலை ஊர்கள் எல்லாம் இவற்றின் வாசலில்தான் இருக்கின்றன. பாலாற்றுப் படுகைக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. நம்ம ஊரிலும் காற்று அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் கனத்தில் கணக்குப் போட்டால் தேறாது.

பாடம் 2: மெகாவாட் வேறு, யூனிட் வேறு

செய்தித்தாளில் "இத்தனை மெகாவாட் நிறுவப்பட்டது" என்று வரும். அது மெஷினின் அளவு. அது எவ்வளவு மின்சாரம் கொடுத்தது என்பது வேறு.

2 மெகாவாட் காற்றாலை ஒரு வருஷம் முழுக்க ஒரு நொடி விடாமல் முழு வேகத்தில் ஓடினால் 1 கோடியே 75 லட்சம் யூனிட் கிடைக்கும். எந்தக் காற்றாலையும் அப்படி ஓடாது. முழு அளவில் 25 சதவீதம் கிடைத்தது என்றால் சுமார் 44 லட்சம் யூனிட். இந்தச் சதவீதத்தைத்தான் 'கபாசிட்டி யூட்டிலைசேஷன் ஃபேக்டர்' என்கிறோம்.

நாட்டுக் கணக்கையும் இதே கண்ணால் பாருங்கள். 2025 மார்ச் இறுதியில் இந்தியாவின் காற்றாலைத் திறன் சுமார் 50,000 மெகாவாட். எல்லா வகையும் சேர்ந்த மொத்தத் திறன் சுமார் 4.75 லட்சம் மெகாவாட். அதாவது பத்தில் ஒரு பங்கு. ஆனால் உற்பத்தியான யூனிட்டுகளில் காற்றின் பங்கு சுமார் இருபதில் ஒன்றுதான். இரண்டுமே உண்மை. இரண்டையும் குழப்பிக்கொண்டு "காற்றே போதும்" என்று சொல்பவரும் தப்பு, "காற்று சும்மா ஷோ" என்று சொல்பவரும் தப்பு. டென்மார்க் தன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து எடுக்கிறது. அதற்குப் பக்கத்து நாடுகளோடு இருக்கும் வலுவான கம்பிகளும், நார்வேயின் அணைகளும் துணை நிற்கின்றன.

பாடம் 3: எப்படி வளர்ந்தது?

1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் நாட்டின் முதல் சோதனைக் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று வந்தது. 1990-களில் முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் காடு மாதிரி முளைத்தன. காற்று மட்டுமா காரணம்? இல்லை, வருமான வரியும்தான். காற்றாலை வாங்கினால் அதன் விலை முழுவதையும் முதல் வருஷமே தேய்மானமாகக் காட்டி லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். பிறகு இது 80 சதவீதமானது. கோயம்புத்தூர், திருப்பூர் மில் முதலாளிகள் காற்றாலை வாங்கியதற்கு இது ஒரு பெரிய காரணம். இன்னொரு காரணம், தங்கள் மில்லுக்குத் தாங்களே மின்சாரம் செய்துகொள்ளலாம் என்பது.

இதில் ஒரு குறை தெரிகிறதா? சலுகை மெஷின் வாங்கியதற்கு. மெஷின் எவ்வளவு யூனிட் கொடுத்தது என்று அது கேட்கவில்லை. அதனால் 2009-ல் யூனிட்டுக்கு 50 காசு ஊக்கத்தொகை என்று ஒரு திட்டம் வந்தது. 2012-ல் தேய்மானச் சலுகை நின்றது. 2011-12-ல் சுமார் 3,200 மெகாவாட் என்றிருந்த புதுக் காற்றாலை, அடுத்த வருஷம் சுமார் 1,700-ஆக விழுந்தது. 2014-ல் சலுகை திரும்ப வந்தது. 2017 பிப்ரவரியில் முதல் ஏலம் நடந்தது, யூனிட் 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கியது. அதற்கு முன்பு தமிழ்நாட்டில் ஆணையம் வைத்த விலை 4 ரூபாய் 16 காசு.

வரிசையைப் பாருங்கள். முதலில் "எவ்வளவு நிறுவினாய்?" என்று கேட்டார்கள். பிறகு "எவ்வளவு யூனிட் கொடுத்தாய்?" என்றார்கள். பிறகு "என்ன விலைக்குத் தருவாய்?" என்றார்கள். இப்போது நான்காவது கேள்வி வந்திருக்கிறது: "கேட்ட நேரத்தில் தருவாயா?" நம் தலைமுறை இன்ஜினியர்களுக்கு விழுந்திருப்பது இந்தக் கேள்விதான்.

பாடம் 4: முப்பந்தல் காற்று ஆம்பூர் மீட்டருக்கு எப்படி வரும்?

முப்பந்தலிலிருந்து ஆம்பூருக்கு என்று தனிக் கம்பி எதுவும் இல்லை. கிரிட்டை ஒரு பெரிய ஏரி மாதிரி நினையுங்கள். பல கால்வாய்கள் தண்ணீர் கொண்டுவந்து கொட்டுகின்றன, பல மதகுகள் வழியாக வெளியே போகிறது. எந்த மதகில் வருவது எந்தக் கால்வாய்த் தண்ணீர் என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் உள்ளே எவ்வளவு விட்டாய், வெளியே எவ்வளவு எடுத்தாய் என்று கணக்கு எழுதலாம். அந்தக் கணக்குக்குப் பெயர் 'வீலிங்'. கம்பியைப் பயன்படுத்தியதற்கு மின்வாரியம் கட்டணம் எடுத்துக்கொள்ளும்.

2003 மின்சாரச் சட்டமும் 2005 விதிகளும் இதற்கு வழி திறந்தன. ஒரு காற்றாலையில் 26 சதவீதப் பங்கு பயன்படுத்துபவர்களுக்கு இருந்து, அதன் மின்சாரத்தில் 51 சதவீதத்தை அவர்களே பயன்படுத்தினால், அது சொந்த உபயோக உற்பத்தி. பலர் சேர்ந்தும் வைக்கலாம். மில்கள் மட்டுமில்லை, நம்ம பக்கத்துத் தோல் நிறுவனங்கள் சிலவும் தென் மாவட்டங்களில் காற்றாலை வைத்திருக்கின்றன.

இப்போது சிக்கல். ஒரு கற்பனை டேனரி. மாதம் 1 லட்சம் யூனிட், வருஷம் 12 லட்சம். சரியாக 12 லட்சம் யூனிட் தரும் அளவுக்குக் காற்றாலைப் பங்கும் வாங்கியாயிற்று. கணக்கு நேர்தானே? இல்லை. நம் மாநிலத்தில் காற்றின் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரை ஐந்து மாதத்தில் வந்துவிடும். 70 சதவீதம் என்று வைப்போம். அந்த ஐந்து மாதமும் மாதம் 1 லட்சத்து 68 ஆயிரம் யூனிட் வரும். மீதி ஏழு மாதமும் மாதம் சுமார் 51 ஆயிரம்தான். ஆக காற்றுக் காலத்தில் 3 லட்சத்து 40 ஆயிரம் யூனிட் மிச்சம். மற்ற மாதங்களில் அதே 3 லட்சத்து 40 ஆயிரம் பற்றாக்குறை.

இந்த மிச்சத்தை மின்வாரியத்திடம் 'பேங்க்' பண்ணி, பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்பது தமிழ்நாட்டில் பல வருஷம் இருந்த வசதி. அதற்கு ஒரு பங்கு கட்டணம். ஆனால் பேங்க் என்பது கணக்குப் புத்தகத்தில்தான். ஜூலையில் வந்த யூனிட் எந்தக் குடோனிலும் மூட்டை கட்டி வைக்கப்படவில்லை. அதை அன்றைக்கே யாரோ பயன்படுத்திவிட்டார்கள். ஜனவரியில் டேனரி திருப்பிக் கேட்கும்போது, வாரியம் வேறு எங்கிருந்தோ, பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து, செய்தோ வாங்கியோ கொடுக்க வேண்டும். அதனால்தான் இதில் ஓயாத இழுபறி. மத்திய அரசின் 2022-ம் வருஷப் பசுமை மின்சார விதிகள், குறைந்தது மாதாந்திர பேங்கிங் தர வேண்டும் என்கின்றன. மாதாந்திரம் மட்டும்தான் என்றால், நம் கற்பனை டேனரியின் 3 லட்சத்து 40 ஆயிரம் யூனிட் அதன் கையை விட்டுப் போகும். "காற்றாலை வாங்கினால் கரண்ட் பில் பூஜ்ஜியம்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

பாடம் 5: கிரிட் தாங்க வேண்டும்

பழைய காற்றாலைகளில் பல 225, 250 கிலோவாட் இன்டக்ஷன் ஜெனரேட்டர்கள். இவை மின்சாரம் செய்யவே கிரிட்டிலிருந்து ரியாக்டிவ் பவர் வாங்கும். கிராமத்துக் கோடிக் கம்பியில் நூற்றுக்கணக்கில் இப்படி இருந்தால் வோல்டேஜ் விழும். அதற்காகத்தான் கெபாசிட்டர் பேங்க். இன்றைய பெரிய மெஷின்களில் பவர் எலக்ட்ரானிக்ஸ் இருப்பதால் வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்க அவையே உதவும். மேலும், பழைய மெஷினின் இறக்கை வட்டத்தின் விட்டம் சுமார் 30 மீட்டர். 120 மீட்டர் விட்டமுள்ள புது மெஷினுக்குப் பரப்பு பதினாறு மடங்கு. நாட்டிலேயே நல்ல காற்றடிக்கும் இடங்களில் சிறிய பழைய மெஷின்கள் உட்கார்ந்திருப்பதால்தான், அவற்றை மாற்றும் 'ரீபவரிங்' கொள்கையைத் தமிழ்நாடு 2024-ல் கொண்டுவந்தது.

அடுத்தது கம்பி. 2013 டிசம்பர் 31 வரை தென் மாநிலங்களின் கிரிட் நாட்டின் மற்ற பகுதியோடு ஒரே தாளத்தில் ஓடவில்லை. அன்றைக்கு ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக இணைந்தது. 2012-ல் எங்கள் வீட்டில் மெழுகுவத்தி எரிந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. தேவை ஏறிவிட்டது, புது மின்நிலையங்கள் தாமதமாயின, வடக்கே மின்சாரம் இருந்தாலும் கொண்டுவரப் போதுமான கம்பி இல்லை. காற்று அடித்தவரை கொஞ்சம் சமாளித்தார்கள். செப்டம்பர் முடிந்து காற்று ஓய்ந்ததும் வெட்டு கூடியது. இதே கம்பி பற்றாக்குறையால் காற்று நன்றாக அடிக்கும் நாளில் மெஷினை நிறுத்தச் சொன்ன காலமும் இருந்தது. ஒரே வருஷத்தில் மிச்சத்தைக் கொட்டுவதும் பற்றாக்குறையில் தவிப்பதும்!

சேமித்து வைக்க வழி இல்லையா? இருக்கிறது. ஆழியாறு பக்கம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980-களின் கடைசியிலிருந்து இருக்கிறது. மின்சாரம் மிச்சமாக இருக்கும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும். இது மணிக்கணக்கில் உதவும். ஜூலையை ஜனவரிக்குக் கொண்டுபோகாது. மாநிலத்தின் உச்சத் தேவையோ 2024 மே 2-ல் 20,830 மெகாவாட்டைத் தொட்டது.

சரி, நமக்கு என்ன வேலை?

இங்கேதான் அப்பாவின் நிலையத்துக்குத் திரும்ப வேண்டும். எல்லா லோடும் ஒரே மாதிரி இல்லை. ப்ளோயரை நிறுத்த முடியாது, அங்கே உயிர் இருக்கிறது. ஆனால் ஆர்.ஓ.-வுக்கு முன்னால் ஒரு தொட்டி, பின்னால் ஒரு தொட்டி இருக்கிறது. முன்தொட்டி பெரிதாக இருந்தால் ஆர்.ஓ.-வைக் கரண்ட் மலிவாகவும் தாராளமாகவும் இருக்கும் நேரத்தில் ஓட்டி, நெருக்கடி நேரத்தில் குறைக்கலாம். உயர் அழுத்த இணைப்புக்குத் தமிழ்நாட்டில் காலை, மாலை உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல் கட்டணம், இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. டேனரி டிரம்முக்கும் அப்படித்தான், எந்த லோடை எத்தனை மணிக்குப் போடுவது என்பதில் கொஞ்சம் நெளிவு சுளிவு உண்டு.

யோசித்தால் தண்ணீர்த் தொட்டியும் ஒரு பேட்டரிதான். லித்தியம் வேண்டாம், கொஞ்சம் இடமும் சிமென்ட்டும் போதும். ஆனால் எல்லை உண்டு. ஆர்.ஓ. சவ்வை அடிக்கடி நிறுத்தி ஓட்டினால் உப்பு படியும், ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். தொட்டியில் கழிவுநீர் நாள்கணக்கில் நின்றால் நாறும். எத்தனை மணி நேரம் தள்ளலாம், அதில் எவ்வளவு யூனிட் இடம் மாறும், தொட்டிச் செலவு எத்தனை வருஷத்தில் திரும்பும்? இதை ஈ.ஈ.ஈ. மட்டும் தீர்க்க முடியாது. கெமிக்கல், சிவில், கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டிய கணக்கு.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடுகிறீர்களா? இதோ ஒன்று. மாநில லோட் டிஸ்பாட்ச் சென்டர் தினமும் வெளியிடும் அறிக்கையில் காற்று மின்சாரம் எவ்வளவு என்று இருக்கும். ஒரு வருஷத்துக்கு அதை எடுங்கள். பக்கத்தில் ஏதாவது ஒரு நிலையத்தில் அனுமதி கேட்டு மணிவாரி லோடை எடுங்கள். இரண்டையும் ஒரே தாளில் வரையுங்கள். இரண்டு கோடும் எங்கே சேர்கிறது, எங்கே விலகுகிறது என்று பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்தது.

போன வாரம் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிப்பா, ராத்திரி ரெண்டு மணிக்கு ப்ளோயர் ஓடுமா ஓடாதா, அதைச் சொல்லு" என்றார். நான்காவது கேள்வியை இதைவிடச் சுருக்கமாக யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. பதில் நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.